வளரும் பிள்ளைகளும் நமது நாவும்

(கரையான்சாவடியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சென்ற ஆண்டு நம் முஹல்லாவைச் சேர்ந்த தந்தை ஒருவர், பதினைந்து வயது மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவனுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்று நம் முன் நிறுத்தினார். நாமும் ஆளுக்கோர் அறிவுரை கூறி அனுப்பினோம். ஏன் இரவில் தாமதமாக வீடு திரும்புகிறாய் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் தோற்றதைச் சொல்ல அஞ்சியே அவ்வாறு செய்தான் என்பது பின்னரே தெரியவந்தது. அன்று தவறியவன் அவன் மட்டுமல்லன், நாமும்தான்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜெரால்டு பேட்டர்சன், குடும்பங்களை நேரில் கவனித்து எழுதிய ஆய்வு நூலை 1982-இல் வெளியிட்டார். அவர் கண்டது நம் வீட்டிலும் நடப்பதே. நாம் ஏசுகிறோம், பிள்ளை அதைவிட உரக்கக் கத்துகிறான், சலித்து விட்டுவிடுகிறோம். கத்தினால் காரியம் ஆகும் என அவன் கற்றுக்கொள்கிறான். மறுநாள் அடிக்கிறோம், அடங்குகிறான். அடித்தால்தான் அடங்குவான் என நாம் கற்றுக்கொள்கிறோம். இப்படியே கடுமை வளர்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 552 குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் 14 வாரப் பயிற்சி அளித்த இடங்களில் அடி உதையும், பெற்றோரின் மன உளைச்சலும் குறைந்தன. ஆனால் பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுகள் அதற்குள் குறைந்துவிடவில்லை. மாற்றம் முதலில் நம்மிடம் வரவேண்டும். பிறகும் பொறுமை வேண்டும்.

பத்து வயதுச் சிறுவராக நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்கள், பத்தாண்டுகளில் ஒருமுறைகூடத் தாம் கடிந்துகொள்ளப்பட்டதில்லை என அறிவித்துள்ளார்கள். வளரிளம் பருவம் முழுவதும் அடங்கிய பத்தாண்டுகள் அவை!

எனவே, கோபம் தணிந்த பின் பேசுவோம். நாள்தோறும் சிறிது நேரம் குறுக்கிடாமல் கேட்போம். நற்செயலைக் கண்டவுடன் பாராட்டுவோம். விதிகள் சிலவே இருக்கட்டும். தாயும் தந்தையும் ஒரே சொல்லாய் நிற்கட்டும். பிள்ளை தன்னையே வருத்திக்கொண்டாலோ, போதைப் பழக்கம் தென்பட்டாலோ, ஊரார் பேச்சுக்கு அஞ்சி மறைக்காமல் மருத்துவரை நாடுவோம். அரசின் 14416 மனநல உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நம் பிள்ளைகள் அஞ்சி ஓடும் இடமாக அல்லாமல், தவறிய பின்னும் திரும்பி வரும் இடமாக நம் இல்லங்களை வல்ல இறைவன் ஆக்குவானாக! ஆமீன்.