ஊரறியச் சொன்னால்தான் சட்டம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வக்கீல் தொழிலுக்குப் போனவன் நான். அதனால் இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தச் சொல் 'புரொமல்கேட்'. பயந்துடாதீங்க, பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன்.

அறிவிப்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. 'அனௌன்ஸ்' பொதுவானது. கல்யாணத்தையும் அனௌன்ஸ் பண்ணலாம், ரயில் தாமதத்தையும் பண்ணலாம். 'புரொக்ளெய்ம்' என்பதன் வேர், உரக்கக் கூவுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல். நம்ம ஊர் தண்டோராவுக்குப் பக்கத்துச் சொந்தம். 'எனாக்ட்' என்றால் சட்டமன்றம் சட்டம் இயற்றுவது. 'புரொமல்கேட்' என்றால் சட்டத்தையோ ஆணையையோ முறைப்படி ஊரறிய வெளியிட்டு நடைமுறைக்குக் கொண்டுவருவது. ஒரு கொள்கையைப் பலரும் அறியப் பரப்புவதற்கும் இதே சொல் பொருந்தும். தேர்வு முடிவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் இதைப் போடாதீர்கள், சிரிப்பார்கள்.

இது வெறும் அகராதி வேறுபாடா? இல்லை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-ல் மந்திரி சபை ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அரசிதழில் போடவில்லை, மக்களுக்கு வேறு எந்த வழியிலும் தெரிவிக்கவும் இல்லை. பல வருஷம் கழித்து ஹர்லா என்பவருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் 50 ரூபாய் அபராதம் விழுந்தது. அம்பது ரூபா கேஸ்தானே என்று விட்டுவிடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951-ல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு தண்டனையை ரத்து செய்தது. முயன்றாலும் தெரிந்துகொள்ள வழியில்லாத ஒரு சட்டத்தை வைத்து மனிதனைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பது அதன் சாரம். சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அப்படிச் சொல்லும் உரிமை, முதலில் அதை ஊரறியச் சொன்ன அரசுக்குத்தான் உண்டு.

நம் அரசியல் சட்டத்தில் இந்தச் சொல்லின் முக்கியமான இடம் 123-வது பிரிவு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒருசேரக் கூடியிருக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில், உடனடித் தேவை இருந்தால், குடியரசுத் தலைவர் அவசரச் சட்டத்தைப் 'புரொமல்கேட்' செய்யலாம். மாநிலத்தில் ஆளுநருக்கு 213-வது பிரிவு. அவை மறுபடி கூடி ஆறு வாரம் ஆனால் அந்தச் சட்டம் காலாவதி.

ஆனால் இந்த வினைச்சொல்லுக்கு முன்னால் 'ரீ' என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தார்கள் பாருங்கள்! பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். சட்டமன்றத்தில் வைத்து நிறைவேற்றாமலேயே, காலாவதி ஆக ஆக மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு வருஷம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். இதைத் தோண்டி எடுத்தவர் அரசியல்வாதி அல்ல. பூனாவில் இருந்த பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா. அவரே வழக்கும் போட்டார். 1986-ல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்தையே ஏமாற்றும் வேலை என்று தீர்ப்பளித்தது. 2017-ல் ஏழு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்து, அவசரச் சட்டத்தை அவையில் வைப்பது கட்டாயம் என்றும் சொன்னது.

தம்பி தங்கைகளே, ஒரு ஆசிரியர் ஆவணங்களைப் பொறுமையாகப் புரட்டியதால் நடந்தது இது. ஆகவே செய்தித்தாளில் ஒரு சட்டத்தைப் பற்றிப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் இயற்றினார்கள்? எங்கே வெளியிட்டார்கள்? எந்தத் தேதியிலிருந்து நடைமுறை? மத்திய அரசிதழ் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. தண்டோரா போடுபவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சொல்ல வேண்டியது அரசின் கடமை என்றால், படித்தவன் அதைப் பார்த்துப் படிக்காதவனுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.