வீணைக்கு ஓர் ஆசனம்



ஹூக்ளி நதிக்கரையில் கார்டன் ரீச் என்றோர் இடம் உண்டு. கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் அமைந்த அப்பகுதிக்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்து, பின்னர் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. நாமும் அவ்வாறு வந்தவர்களே. ஊருக்குப் போவதென்றால் முன்பெல்லாம் ஹௌராவில் மெயில் வண்டி ஏறுவோம். சென்னை வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் போதாத அந்தப் பிரயாணத்தில் நம் வீட்டு வீணை மேல் பெர்த்தில் சுகமாகப் படுத்துவரும். நாம் அதன் காலடியில் முடங்கிக் கிடப்போம். வீணைக்கு டிக்கெட் எங்கே என்று எந்தப் பரிசோதகரும் நம்மைக் கேட்டதில்லை.

இப்போது நம் மகளுக்குக் கிடைக்கும் விடுமுறை குறைவு. மார்கழியில் சென்னையில் ஒரு சபையில் பிற்பகல் வேளையில் அவளுக்கு ஒரு மணி நேரக் கச்சேரி அமைந்தது. விமானத்தில் போவதைத் தவிர வேறு வழியில்லை. வீணையை மற்றச் சாமான்களோடு விமானத்தின் அடிவயிற்றில் போடலாமா என்று யோசித்தோம். தஞ்சாவூர் வீணையின் தன்மையை அறிந்தவர்களுக்கு அந்த யோசனை உகந்ததாக இராது. பலாமரத்தில் குடைந்த குடம், அதன் மறுகோடியில் யாளி முகம், நடுவே 24 மெட்டுகள். அம்மெட்டுகள் மெழுகின்மீது பதிக்கப்பட்டவை. வெயிலில் மெழுகு இளகினாலும், தூக்கி எறியப்பட்டுக் குடம் அதிர்ந்தாலும் சுருதி குலைந்துவிடும். மறுநாள் கச்சேரி, மெட்டுகளைத் திருத்தி அமைக்கும் கைவினைஞரை எங்கே தேடுவது? ஆகவே வீணைக்கும் ஓர் ஆசனம் வாங்கிவிடுவதென்று தீர்மானித்தோம்.

இவ்விதம் ஆசனம் வாங்குவது புதுமையன்று. பருத்த தேகம் உடையவர்களும், முழங்காலில் சிகிச்சை செய்துகொண்டு காலை மடக்க இயலாதவர்களும் தம் சௌகரியத்துக்காகப் பக்கத்து ஆசனத்தையும் வாங்குகிறார்கள். 2020ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்தில், அருகில் எவரும் அமர வேண்டாம் என்று கருதியவர்களுக்காக இண்டிகோ நிறுவனம் ஒருவருக்கே இரண்டு ஆசனங்கள் விற்கத் தொடங்கியது. மனிதர் தம் சௌகரியத்துக்கு வாங்கும் ஆசனத்துக்கு ஒரு குறியீடு. வாத்தியம் முதலிய பொருளுக்கு வாங்கும் ஆசனத்துக்கு வேறொரு குறியீடு. டிக்கெட்டில் பிரயாணியின் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் அக்குறியீடு, சொந்தப் பெயரின் இடத்தில் நிற்கும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. முன்னெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதிவருகிறோம். டிக்கெட்டை நாம் நம் பெயரில் வாங்கியதால், வீணையின் டிக்கெட்டிலும் நம் தகப்பனார் பெயரே ஏறிற்று. அறுபது வயதில் நமக்கு ஓர் உடன்பிறப்பு வாய்த்தது!

தமாஷ் இருக்கட்டும். நம் அன்னையார் கும்பகோணத்தில் இருக்கிறார், வயது எண்பத்தைந்து. அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் வழங்கும் மைல் புள்ளிகளைச் சில ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவந்தோம். அவற்றைக் கொண்டு அன்னையாரை ஒருமுறை கார்டன் ரீச்சுக்கு அழைத்துவந்து, வேனில் தொடங்குமுன் நதிக்கரையில் உலவச் செய்யவேண்டும் என்பது நம் ஆசை. கல்கத்தாவிலிருந்து சென்னை, வான்வழியே சுமார் 850 மைல். இரண்டு ஆசனத்துக்கும் பணம் கட்டியிருக்கிறோம். ஆகவே இரட்டைப் புள்ளி வரும் என்று கணக்குப் போட்டோம். வந்ததோ ஒற்றைப் புள்ளியே. நாம் பிரயாணம் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். புள்ளிகள் உறுப்பினர் பறப்பதற்கு உரியவை. வீணை உறுப்பினர் அன்று என்று மரியாதையாகப் பதில் வந்தது.

வீணையை உறுப்பினராக்கினால் என்ன என்று நம் மகள் கேட்டாள். அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். லின் ஹாரல் என்பவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற செல்லோ வித்துவான், 2020இல் காலமானார். தம் செல்லோவுக்கு எப்போதும் தனி ஆசனம் வாங்குவார். டெல்டா விமான நிறுவனத்தில் தமக்கு ஒரு கணக்கும் செல்லோவுக்கு ஒரு கணக்கும் வைத்து மைல்களைச் சேர்த்தார். அது கூடாதென்று 2001ஆம் ஆண்டிலேயே நிறுவனம் அவருக்கு எழுதிற்று. 2012இல் இருவர் கணக்கையும், அதாவது அவர் கணக்கையும் செல்லோவின் கணக்கையும், நிறுவனம் மூடிவிட்டது. மனிதர் தாமே பறந்து சேர்த்த மைல்களும் அத்தோடு போயின. இச்செய்தியைப் படித்தபின் நம் மகள் அந்த யோசனையை மறுபடி எடுக்கவில்லை.

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இத்திட்டத்தைப் பெரிய அளவில் தொடங்கியபோது, ஒருவர் பறந்த தூரத்துக்கே மைல் கொடுத்தார்கள். ஒரு மனிதர் 850 மைல் போனால் அவர் போனது 850 மைல்தான். பக்கத்து ஆசனம் காலியாக வந்தது என்பதால் அவர் 1,700 மைல் போனவராகிவிடமாட்டார். கட்டணம் மலிவாக உள்ள நாள்களில் வெற்று ஆசனங்களை வாங்கிக் குவித்து, உயர்ந்த தகுதி பெற்று, சலுகைகளை அனுபவிக்க முயல்வோரும் இருப்பார்கள் அல்லவா?

ஆனால் அந்தத் தூரக் கணக்கு இன்று பல நிறுவனங்களில் இல்லை. டெல்டாவே 2015 முதல் தூரத்தை விட்டுக் கட்டணத்தை அளவுகோலாக்கிற்று. நம் நாட்டில் ஏர் இந்தியாவின் உறுப்பினர் திட்டமும் 2024இல் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. செலவிட்ட ரூபாய்க்குப் புள்ளி என்று சொன்னபின், இரண்டாம் ஆசனத்துக்குக் கொடுத்த ரூபாய் மட்டும் ரூபாய் ஆகாதா என்பது நம் கேள்வி. ரயில்வே இவ்விஷயத்தில் வெளிப்படையாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், முன்பதிவு வண்டிகளில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி என்று வைத்தார்கள். இடத்துக்குத்தான் விலை என்று சொல்லிவிட்டார்கள். ஆளுக்கு என்று ஒரு பேச்சு, இடத்துக்கு என்று ஒரு பேச்சு இல்லை. விமான நிறுவனமோ வாங்கும்போது இடத்தை எண்ணுகிறது. கொடுக்கும்போது ஆளை எண்ணுகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இதனால் அறியவேண்டிய சில உண்டு. விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஆகையால் பணம் கட்டுமுன், இரண்டாம் ஆசனத்துக்குப் புள்ளி உண்டா, அதற்கெனத் தனியாகச் சாமான் எடை அனுமதி உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். கணினியில் தாமே பதிவு செய்யாமல் நிறுவனத்தாரிடம் நேரே பேசி, இரு ஆசனங்களையும் ஒரே பதிவு எண்ணில் அமைக்கச் சொல்லவேண்டும். வாத்தியத்தின் நீள அகலங்களையும் எடையையும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். அவசர வழியருகே வாத்தியத்தை வைக்க விடமாட்டார்கள்; பிறர் வெளியேறத் தடையாகாதபடி ஜன்னலோரத்தில் வைத்துப் பட்டை கட்டுவார்கள். விமானத்தில் ஏறும்போது இரண்டு ஆசனத்துக்கும் உரிய சீட்டுகளைக் கையில் வைத்திருப்பது அவசியம். இல்லையேல் காலி ஆசனம் என்று எண்ணி, காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிட நேரும்.

மற்றொரு வழியும் உண்டு. வங்கிகள் விமான நிறுவனங்களோடு சேர்ந்து வழங்கும் கடன் அட்டைகளில், பொதுவாக, அட்டையில் செலவிட்ட தொகைக்கே புள்ளி. அந்த ஆசனத்தில் மனிதர் அமர்ந்தாரா, வீணை அமர்ந்ததா என்று வங்கி விசாரிப்பதில்லை. அடுத்த மார்கழிக்கு நாம் அவ்வாறே டிக்கெட் வாங்கினோம். வங்கிக்கு உரிய தேதியில் முழுத் தொகையையும் கட்டிவிட்டோம். இல்லாவிடில் வட்டி புள்ளியை விழுங்கிவிடும். நிறுவனம் மறுத்ததில் ஒரு சிறு பகுதி இவ்வழியாக வந்து சேர்ந்தது. அன்னையாரின் டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது. இவ்வாண்டு புள்ளி போதாவிட்டால், மிச்சத்தைக் கைப்பணத்தால் நிரப்பிப் பிப்ரவரியில் அவரை அழைத்துவருவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

வீணைக்கு இம்முறையும் ஜன்னலோர ஆசனம். நமக்கு நடு ஆசனம்.