நட்டைத் தளர்த்தும் முன்

இன்று பட்டம் வாங்கும் இயந்திரவியல் மாணவ மாணவியரே, பெற்றோர்களே,

ஏசி வாங்க வருகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஸ்டார்?" என்றுதான். நல்ல கேள்வி. நட்சத்திரக் குறி, இன்வெர்ட்டர் கம்ப்ரசர், 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி எல்லாமே கரன்ட் பில்லைக் குறைக்க வந்தவை. உள்ளே ஓடும் கேஸின் கணக்கு மட்டும் எந்தப் பில்லிலும் வருவதில்லை.

இப்போது விற்கும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதற்கு முந்தைய ஆர்-410ஏ என்றால் இரண்டு டன்னைத் தாண்டும். ஒன்றரை டன் ஏசிக்குள் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருக்கிறது. (அந்த டன் எடையல்ல, குளிரூட்டும் திறன். பெற்றோருக்காகச் சொன்னேன்.)

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறைப்படி, ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டின் லிக்விட் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்துக்கு இறங்கியதும் சக்‌ஷன் வால்வையும் மூடிவிட்டால் கேஸ் அவுட்டோருக்குள் அடங்கிவிடும். சில நிமிட வேலை. அவசரக்காரர் நேராக ஸ்பேனரை வைத்து நட்டைத் தளர்த்துவார். புஸ்ஸென்று சத்தம், செப்புக் குழாய் முனையில் வெள்ளையாகப் பனி. புது வீட்டில், "கேஸ் இல்ல சார், போடணும்." ஒழுகும் இடத்தைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவதும் இதே கதைதான். கேஸ் குறைந்த ஏசி ஓய்வில்லாமல் ஓடும். ஐந்து ஸ்டாரும் அப்போது வெறும் ஸ்டிக்கர்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. சித்திரை வெயிலில் மூன்றாம் மாடிச் சுவரில், கால் வைக்க இடமில்லாமல் தொங்குகிறது யூனிட். அதை அங்கே மாட்டச் சொன்னவர் பட்டம் வாங்கியவர்.

2016இல் கிகாலியில் உலக நாடுகள் ஆர்-32, ஆர்-410ஏ போன்ற வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021இல் ஏற்றது. 2032இல் குறைக்கத் தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். அந்த ஆண்டுகள் உங்கள் பணிக்காலத்துக்குள்தான் அடங்கும். மாற்றாக வரும் ஆர்-290, சமையல் சிலிண்டர் கேஸில் கலந்திருக்கும் அதே புரொப்பேன். பூமியைச் சூடாக்கும் குணம் அதற்கு இல்லையென்றே சொல்லலாம். தீப்பிடிக்கும் குணம் உண்டு. இந்தியாவில் அந்த கேஸில் ஓடும் ஏசி 2012இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நட்டைத் தளர்த்திப் புஸ்ஸென்று விடும் பழக்கத்தோடு அதன் பக்கத்தில் போக முடியாது.

நேர்முகத் தேர்வுகளில் சம்பளத்தைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கூடவே, சர்வீஸ் பிரிவில் கேஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சேகரிக்கும் ரிக்கவரி மெஷின் எத்தனை இருக்கிறது, அதை மெக்கானிக் கையில் கொடுத்தனுப்புகிறார்களா, அதற்கான நேரத்துக்கும் கூலி உண்டா என்று கேளுங்கள்.