அயல்நாட்டுப் படிப்பும் நம் கையொப்பமும்

(வெள்ளிவிழாவை முன்னிட்டு நடந்த பெற்றோர், மாணவர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



"சாமி, பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள்" என்று விழாக் குழுவினர் கேட்டபோது, எதைப் பேசுவதென்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. முன்பெல்லாம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் திருமணத்துக்காக வருவார்கள். அல்லது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வருவார்கள். இப்போதோ, "மகன் லண்டன் போகிறான் சாமி, விசாவுக்கு வேண்டும்" என்று வருகிறார்கள். மகிழ்ச்சிதான். பிள்ளைகள் கடல் கடந்து படிப்பதை வேண்டாமென்று சொல்ல நாம் இங்கு நிற்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் போடுகிற கையொப்பத்தைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, தகப்பனை இழந்த ஓர் இளைஞன் நம்மிடம் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். பட்டப்படிப்பு முடித்து இரண்டு ஆண்டு அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டும் நம் பங்குப் பள்ளியில் ஆசிரியராக இருந்தான் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. உண்மையில் அவன் ஒரு கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு மாலைப் பாடம் சொல்லிக் கொடுத்தான், அவ்வளவே. விசா ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கடிதம் அது. நாம் அதைப் படித்துப் பார்த்தோம். தெரிந்தேதான் கையொப்பமிட்டு, பங்கு முத்திரையும் குத்தினோம். நல்ல பையன், கஷ்டப்படுகிற தாய், இதனால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று எண்ணினோம்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. பிரிட்டிஷ் விசாவுக்காக விசாரிக்கிறோம் என்று சொல்லி ஓர் அம்மையார் ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: அவர் எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தார்? சம்பளம் எவ்வளவு? வருகைப் பதிவேடு இருக்கிறதா? தத்துவமும் இறையியலும் படித்த நமக்கு அன்று ஒரு வாக்கியம் உருப்படியாக வாயில் வரவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னோம். விண்ணப்பம் தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதோடு போயிருந்தால் அடுத்த ஆண்டு மறுபடி முயலலாம். ஆனால் விண்ணப்பத்தில் ஏமாற்று நடந்ததென்று கண்டால் 10 ஆண்டு கதவை அடைத்துவிடுவது அந்நாட்டின் விதி. அவனுக்கு அப்போது வயது 23. அவன் இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறான். நம்மை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நமக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நிற்க. பிரிட்டனுக்குப் படிக்கப் போவதானால் என்னென்ன வேண்டும் என்பதை, பெற்றோர் ஏஜென்டின் வாயால் மட்டும் கேட்காமல் தாங்களே அறிந்திருப்பது நல்லது. பல்கலைக்கழகம் இடம் கொடுத்ததற்கு அடையாளமாக ஓர் எண் தரும்; அதற்கு 'காஸ்' என்று பெயர். அது இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. காசநோய் இல்லையென்று அவர்கள் ஏற்றுக்கொண்ட மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்று பெற வேண்டும். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுன் ஆயிற்று. அத்துடன் மருத்துவ வசதிக்கென்று ஆண்டுக்கு 776 பவுன் முன்னதாகவே கட்ட வேண்டும். (பவுன் என்றதும் தாய்மார்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். நாம் சொல்வது அவர்கள் நாட்டு நாணயத்தை. ஆனால் அந்தப் பவுனுக்காக இந்தப் பவுன்தான் அடகுக் கடைக்குப் போகிறது.)

இனிமேல்தான் பெரிய காரியம். முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் கட்டவேண்டிய பாக்கியோடு, அங்கே தங்கிச் சாப்பிடுவதற்கான பணமும் கையில் இருக்கிறதென்று காட்ட வேண்டும். 2025 நவம்பரில் வைத்த கணக்குப்படி, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுன், லண்டனில் 1,529 பவுன். 9 மாதத்துக்குக் கணக்கிட்டால் லண்டனுக்கு வெளியேயே 10,539 பவுன் ஆகிறது. நம் பணத்தில் 10 இலட்சத்துக்கு மேல். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். கணக்கு மாணவன் பெயரில் இருக்கலாம். பெற்றோர் பெயரிலும் இருக்கலாம். தாய்மாமன் கணக்கில் கோடி ரூபாய் கிடந்தாலும் அது கணக்கில் சேராது. மாமன் மனமுவந்து கொடுப்பதானால் பையனின் கணக்கிலேயே போட்டுவிடட்டும்.

இந்த 28 நாளில்தான் சோதனை நுழைகிறது. பணத்தை வட்டிக்கு வாங்கிக் கணக்கில் வைத்து, 29-ஆம் நாள் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். செப்டம்பர் மாதம் பிள்ளை அங்கே போய் இறங்கி, அறை வாடகைக்கு என்ன செய்வான்? அந்தத் தொகையை வைத்தது நம்மைத் துன்புறுத்துவதற்கு அல்ல. அங்கே உண்மையாகவே அவ்வளவு செலவாகும் என்பதனால்தான். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இல்லாத பணத்தைக் காட்டிப் போகிறவன் அந்த விதியையும் மீற வேண்டிவரும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்படுகிறது.

கனடாவில் நடந்ததையும் நினைவூட்டுகிறோம். பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலரின் கல்லூரிக் கடிதங்கள் போலியானவை என்று 2023-இல் தெரியவந்தது. ஏஜென்டை நம்பிக் கடிதத்தை வாங்கிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். சிலர் வேறு கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்து, வேலையும் பார்த்து, நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்தபோதுதான் கடிதம் பொய் என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. நாட்டைவிட்டு வெளியேறு என்ற உத்தரவு வந்து, தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. உண்மையாய்ப் படிக்க வந்தவர்களைத் தனியே விசாரிப்பதாக அந்த அரசு பின்னர் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். ஆதலால் இடம் கிடைத்துவிட்டது என்று ஏஜென்ட் சொன்னால், கல்லூரிக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

சென்ற ஆண்டு நம் பங்கிலேயே ஒரு தகப்பனார் வந்தார். தம் தம்பியைப் பையனின் காப்பாளர் என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று கேட்டார். பணம் தம்பியின் கணக்கில் இருந்தது. தகப்பன் உயிரோடு நம் முன்னே உட்கார்ந்திருக்கையில் தம்பியைக் காப்பாளர் என்று எவ்விதம் எழுதுவது? முடியாதென்றோம். திருப்பூர்ப் பையனின் கதையையும் சொன்னோம். அவர் கோபித்துக்கொண்டு போனார். மூன்று மாதம் நம்மைக் கண்டால் தோத்திரம்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மனைவியையும் மகனையும் அழைத்து வந்தார். வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கல்விக் கடன் கேட்கலாமா என்று நம்மைக் கேட்டார்கள். அது நாம் சொல்லவேண்டிய காரியம் அல்ல. "வேலை கிடைக்காமல் பையன் திரும்பி வந்தால் இந்த வீட்டை எப்படி மீட்பீர்கள் என்று மூவரும் உட்கார்ந்து பேசியாயிற்றா?" என்று மட்டும் கேட்டோம். பேசவில்லை என்றார்கள். தாய் அழுதார். அன்றிரவு பேசினார்களாம். பையனே, "ஓராண்டு இங்கே வேலை பார்த்துச் சேர்க்கிறேன், கடனைக் குறைத்துக்கொள்வோம்" என்று சொல்லியிருக்கிறான். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். வரும் ஆண்டு விண்ணப்பிப்பான். விசா கிடைக்குமா என்பது நமக்குத் தெரியாது.

கடைசியாகப் பெயர் விஷயம். நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்தோணி சவரிமுத்து என்றிருக்கும். பள்ளிச் சான்றிதழில் எஸ். அந்தோணி என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் வேறொன்று. தகப்பனார் பெயரும் மகனின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், வங்கிக் கணக்கில் ஒரு விதம். தகப்பனார் கணக்கைக் காட்டும்போது இந்த வேற்றுமை இடறும். பிளஸ் டூ படிக்கும்போதே இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, முறைப்படி திருத்திக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ளபடி சான்றிதழ் எழுதித் தர நாம் எப்போதும் தயார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல், பாஸ்போர்ட் நகலுடன் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். உபதேசியார் பழைய புத்தகங்களை எடுத்து வைத்திருப்பார்.