சேறு சுமந்தவர் பெயர் ஏட்டில் ஏறட்டும்!

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் நஜஃப்கர் நாலா சாக்கடையாகப் பிறந்ததல்ல. தில்லியின் தென்மேற்கில் நஜஃப்கர் ஏரி என்று பரந்த சதுப்பு ஏரி ஒன்று இருந்தது. ஆரவல்லி மலைப்பக்கமிருந்து வரும் சாஹிபி ஆறு அங்கே தேங்கும். 1964 வெள்ளத்துக்குப் பிறகு வடிகாலை அகலமாக வெட்டி, தண்ணீரை யமுனைக்கு இறக்கினார்கள். ஏரிப்படுகை வயலாயிற்று. 57 கிலோமீட்டர் வடிகால் நகரத்தின் கழிவைச் சுமக்கத் தொடங்கிற்று.

நிலம் யாருக்குப் போயிற்று என்று ஏடு சொல்லும். மண்ணை வெட்டியது யார் என்று எந்த ஏடு சொல்லும்?

நம் ஊருக்கு அண்டையில் கேரளத்துக் குட்டநாட்டைப் பாருங்கள். கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை கீழே நெல் விளையும் பூமி அது. வேம்பநாட்டுக் காயலில் தென்னங்கழிகளை வரிசையாக அடித்து, தண்ணீருக்குள் மூழ்கி அள்ளிய சேற்றை நடுவே கொட்டி அணை எழுப்பினார்கள். உள்ளே நின்ற தண்ணீரைச் சக்கரம் மிதித்து வெளியேற்றினார்கள். மூழ்கியவரும் மிதித்தவரும் பெரும்பாலும் புலையர் குலத்து உழைப்பாளி மக்கள்.

1940களில் முரிக்கன் என்ற பெருநிலக்கிழார் மூன்று காயல்களை வயலாக்கினார் என்று எழுதியிருக்கிறார்கள். சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று அவற்றுக்குத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் பெயர்கள். முதலாளியின் பெயர் இருக்கிறது, அரசர் பெயர் இருக்கிறது. சேற்றில் மூழ்கியவன் பெயர் எங்கே, தோழர்களே?

தொழிலாளர் இயக்கம் கேட்டது. 1970களில் உச்சவரம்புச் சட்டத்தின்படி அரசு அந்தக் காயல் நிலங்களை எடுத்து, நிலமற்ற தொழிலாளருக்குத் துண்டு துண்டாகப் பிரித்தளித்தது. ஆனால் அங்கே தண்ணீரை ஒவ்வொருவரும் தனித்தனியே இறைக்க முடியாது. அணை ஒன்று, பம்பு ஒன்று. சேர்ந்து பராமரிக்க வழியில்லாமல், பட்டா கையில் இருந்தும் சித்திராவும் ராணியும் பல ஆண்டுகள் தரிசாய்க் கிடந்தன. பட்டாவும் வேண்டும், அதைக் காக்கும் கூட்டுறவும் வேண்டும். இதுவே குட்டநாடு தரும் பாடம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஜங்புராவில் பாராபுல்லா நாலாக் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை நினையுங்கள். யாருக்கும் வேண்டாத கரையாக இருந்தபோது அங்கே குடியேறி, பல பத்தாண்டுகள் இந்நகரத்தின் வீடுகளைப் பெருக்கியும், பாத்திரம் தேய்த்தும், கட்டடம் கட்டியும் வாழ்ந்தவர்கள் நம் மக்கள். வடிகால் அடைபடுகிறது என்ற காரணத்தால், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. நாலா அடைத்தால் மழைவெள்ளம் முதலில் ஏழை வீட்டுக்குள்தான் வரும். வடிகாலைத் தூர்வார வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாற்று வீடு எல்லாக் குடும்பத்துக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் நகரின் வடகோடியில், நரேலாவில். ஜங்புராவில் வேலை செய்யும் பெண் அங்கிருந்து காலையில் எப்படி வந்து சேருவாள்?

தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரித்தது எது? காகிதம். 2015 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று. வாக்காளர் பட்டியலில் பெயர். அறுபது வயதுப் பாட்டியின் உழைப்பு சான்றாகாது, தோழர்களே. அவள் பெயர் அச்சான காகிதம்தான் சான்று.

எனவே நாம் மூன்று காரியம் செய்வோம். ஒவ்வொரு வீட்டிலும் வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது ஆகியவற்றைத் தேதியோடு பத்திரப்படுத்துவோம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தெருத் தெருவாகச் சரிபார்ப்போம். நோட்டீஸ் ஒரு வீட்டுக்கு வந்தாலும் எல்லா வீட்டாரும் சேர்ந்தே போய்ப் பதில் கேட்போம்.

குட்டநாட்டில் ஒருவன் சக்கரம் மிதித்து காயல் வற்றவில்லை. பலர் சேர்ந்து மிதித்தார்கள், வற்றியது. நாமும் சேர்ந்து மிதிப்போம்!