காட்னிஸ் எய்த அம்பு



மானமா, உயிரா என்று கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். ஒன்றைக் காக்க மற்றொன்றை விட்டாக வேண்டும் என்பது கவரிமான் காலத்திலிருந்து வரும் கணக்கு. அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008-இல் இளையோருக்காக எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் இந்தக் கணக்கு வேறாகிறது. தன்மானம்தான் அங்கே ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றுகிறது.

பானெம் என்றொரு கற்பனை நாடு. முன்பு கிளர்ச்சி செய்த குற்றத்துக்காக அதன் 12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அந்த 24 பிள்ளைகளில் ஒருவர் மிஞ்சும்வரை கொலைதான் ஆட்டம். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும்.

ஆட்டத்துக்குத் தேர்வான தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வந்தவள் 16 வயது காட்னிஸ். ஆட்டத்துக்கு முன்பு நடுவர்களிடம் திறமையைக் காட்டச் சொல்கிறார்கள். அவர்களோ விருந்தில் மூழ்கி, அவளைப் பார்க்கக்கூட இல்லை. வறுத்த பன்றியின் வாயிலிருந்த ஆப்பிளைக் குறிவைத்து அம்பை விடுகிறாள். போகச் சொல்லும்வரை காத்திருக்காமல் வெளியேறுகிறாள். அறைக்குப் போனதும், அம்மாவையும் தங்கையையும் என்ன செய்வார்களோ என்று அழுகிறாள். அந்த அழுகைதான் எனக்கு முக்கியம். பயமில்லாதவள் காட்டும் ரோஷத்தில் என்ன இருக்கிறது? கடைசியில் அவளுக்குக் கிடைப்பது 12-க்கு 11 மதிப்பெண்; அதை வைத்துத்தான் உதவி அனுப்பும் புரவலர்கள் வருகிறார்கள்.

களத்தில் ரூ என்ற 12 வயதுச் சிறுமி ஈட்டி பாய்ந்து சாகிறாள். காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். தலைநகரத்துக்கு இந்தப் பிள்ளை வெறும் ஆட்டக்காய் அல்ல என்று காட்டத்தான் அதைச் செய்கிறாள். ரூவின் ஏழை மாவட்டம் பதிலுக்கு ரொட்டி அனுப்புகிறது. அதே மாவட்டத்துப் பையன் த்ரெஷ், ரூவுக்காகக் காட்னிஸைக் கொல்லாமல் விடுகிறான். உயிர் பிழைக்கும் எண்ணத்தில் செய்யாத ஒன்று அவளைப் பிழைக்க வைக்கிறது.

இதனால் அவள் வளையாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். தன் மாவட்டத்திலிருந்தே ஆட்டத்துக்கு வந்த பையன் பீட்டாவைக் காதலிப்பதுபோல் கேமராவுக்கு நடிக்கிறாள். ஒரு முத்தத்துக்கு ஒரு பானை சூப் வருகிறது. எனக்கு நாவலிலேயே மிக உண்மையாகப் படுவது இந்த இடம்தான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதைப் பசியோடு இருக்கும்போதே அவள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முடிவில் ஒருவரையொருவர் கொல்ல மறுத்து இருவரும் விஷப்பழங்களை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஆட்சியே பதறி ஆட்டத்தை நிறுத்துகிறது. அது காதலா, கணக்கா, கோபமா? அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் காட்னிஸே இந்தக் கேள்வியோடு திணறுகிறாள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். பணக்கார மாவட்டங்களில் கொல்வதற்கென்றே பழக்கி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் களத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய மானம் எங்கே தொலைந்தது என்று காலின்ஸ் போதுமான அளவு கேட்கவில்லை.

தங்கைக்காகக் காட்னிஸ் முன்வந்தபோது ஊர்மக்களைக் கைதட்டச் சொல்கிறார்கள். யாரும் தட்டவில்லை, மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துகிறார்கள். 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் அதே மூன்று விரல்களை உயர்த்தினார்கள், கைதும் ஆனார்கள். 2021-இல் மியான்மரிலும் அந்தக் கைகள் உயர்ந்தன.