கட்டையோ, ஆளோ?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாலை மயங்கி இருள் கவியும் பொழுது. வழியில், தொலைவில், ஏதோ ஒன்று நிற்கின்றது. அது மரக்கட்டையோ, ஆளோ, தெளியக் கூடவில்லை. அந்நிலையில் அதனை எச்சொல்லாற் சுட்டுவது? இவ்வினாவுக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்துள் விடையிறுத்துள்ளார். உயர்திணையோ அஃறிணையோ என ஐயுறுமிடத்து 'உரு' என்னும் பொதுச்சொல்லாற் சுட்டலாம் என்பது அவர் வகுத்த நெறி. கட்டையும் ஆளும் உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு. தெளியுமுன் பெயரிட்டு முடித்துவிடலாகாது என்னும் அறிவு அந்நெறிக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

அதே வினா இன்று பொறிகளின் முன் நிற்கின்றது. ஓட்டுநரின்றித் தானே ஓடும் ஊர்தி மூன்று வினைகளை இடையறாது செய்தாக வேண்டும். முதலாவது காண்டல். படக்கருவியாலும், ஒளிக்கதிர் வீசித் தொலைவளக்கும் கருவியாலும், வானலை வீசி விரைவளக்கும் கருவியாலும் முன்னே ஒன்று உளது என்று அறிவது அது. இரண்டாவது வகைப்படுத்தல். கண்டது மகிழுந்தா, மிதிவண்டியா, நடப்பவரா என்று பெயரிடுவது அது. மூன்றாவது தொடர்தல். ஒரு நொடிக்கு முன் அங்கிருந்தது இப்பொழுது எங்குளது, இனி எங்குச் செல்லும் என்று கணிப்பது அது. இவற்றுள் நடுவணதாகிய பெயரிடுதலே ஏனைய கணிப்பை ஆட்டிப்படைக்கின்றது. மகிழுந்து தன் தடத்திலேயே ஓடும், நடப்பவரோ குறுக்கே வருவார் என்று பெயரைக் கொண்டே பொறி எதிர்பார்க்கின்றது. எனவே, பெயர் பிழைத்தால் எதிர்பார்ப்பும் பிழைக்கும்.

அது பிழைத்த நிகழ்ச்சி ஒன்றை இங்கு எடுத்துரைத்தல் தகும். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், இரவு ஏறத்தாழ 10 மணி. அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் தன் கருவிகளைப் பொருத்திய வோல்வோ மகிழுந்து ஒன்றை வெள்ளோட்டம் விட்டிருந்தது. 49 அகவைப் பெண்மணி ஒருவர், பைகள் தொங்கிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்தார். கடப்பதற்கெனக் கோடு வரையப்பட்ட இடமன்று அது.

மோதலுக்கு 5.6 நொடி முன்பே பொறி அவரைக் கண்டுவிட்டது. ஊர்தியின் விரைவு அப்பொழுது மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. காட்சியிற் குறையில்லை, குறை பெயரிடுதலிலேயே நேர்ந்தது. முதலில் அவரை 'ஊர்தி' என்றது. பின்னர் 'வேறு' என்றது. மீண்டும் ஊர்தி, மீண்டும் வேறு எனத் தடுமாறியது. 2.6 நொடி எஞ்சியபோது 'மிதிவண்டி' என்றது. 1.5 நொடியில் மறுபடியும் 'வேறு', 1.2 நொடியில் மறுபடியும் 'மிதிவண்டி'. 'நடப்பவர்' என்று ஒருமுறையேனும் கூறவில்லை! கோடிட்ட கடவைக்கு அப்பால் ஒருவர் நடந்து கடப்பார் என்பதை அதன் நிரலை எழுதியோர் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னும் கொடியது ஒன்றுண்டு. பெயர் மாறுந்தோறும் அவர்தம் முன்னை நகர்ச்சிக் குறிப்புகளைப் பொறி கைவிட்டது. இடமிருந்து வலமாகச் சீராக நடந்துவந்தவர், ஒவ்வொரு புதுப்பெயரிலும் அப்போதுதான் தோன்றியவர்போல் ஆனார். 'வேறு' எனப்பட்டபோதோ, அசையாது நிற்கும் பொருளாகவே கொள்ளப்பட்டார். இடரைப் பொறி உணர்ந்தபோது எஞ்சியது 1.2 நொடி. பொய்யச்சத்தால் வண்டி அடிக்கடி நின்றுவிடலாகாது என்று, உணர்ந்த பின்னும் ஒரு நொடி வாளாவிருக்குமாறு அதனை அமைத்திருந்தனர். வோல்வோவிலேயே இருந்த மோதல் தவிர்க்கும் அமைப்பும், ஊபரின் கருவிகள் ஓட்டும்போது இயங்காதவாறு அணைக்கப்பட்டிருந்தது. 0.2 நொடி எஞ்சியபோதே எச்சரிக்கை ஒலித்தது. மணிக்கு ஏறத்தாழ 63 கி.மீ. விரைவில் ஊர்தி மோத, அப்பெண்மணி உயிர் நீத்தார்.

ஊர்தியுள் அமர்ந்து மேற்பார்க்க வேண்டியவர், சாலையை நோக்காது கைப்பேசியை நோக்கியிருந்தார். முன்னர் இருவர் அமர்ந்த ஊர்தியில், 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஒருவரையே நிறுவனம் அமர்த்தியது. 2019 நவம்பரில் முடிவுரைத்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மேற்பார்வையாளரின் கருத்துச் சிதறலை முதற் கரணியமாகக் காட்டியது. நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகளையும், மாநில அரசின் போதாத கண்காணிப்பையும், அப்பெண்மணி கோடில்லாவிடத்துக் கடந்தமையையும் துணைக் கரணியங்களாக அடுக்கியது. மேற்பார்வையாளர் 2023இல் குற்றத்தை ஒப்பி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். நிறுவனத்தின்மீது குற்றவழக்குத் தொடர அடிப்படையில்லை என்று அரசு வழக்கறிஞர் 2019இலேயே கூறிவிட்டனர். பட்டியலின் பிழைக்கு முறைமன்றத்தில் விடையிறுத்தார் எவருமிலர்.

பின்னர் நிறுவனம் தன் நிரலைத் திருத்தியது. பெயர் மாறினும் நகர்ச்சிக் குறிப்பு அழியாதவாறு செய்தது. கோடில்லாவிடத்துக் கடப்பாரையும் கணக்கிற் கொண்டது. ஒரு நொடி வாளாவிருப்பதையும் நீக்கியது. செய்யக்கூடியனவே இவை யாவும். ஓர் உயிர் போனபின் செய்யப்பட்டன என்பதே துயரம்.

தொல்காப்பியர் ஊர்தி ஓட்டும் பொறியை எண்ணி நூல் செய்தார் என்று எவரும் உரைக்க வேண்டா. அது வெற்றுப் பெருமை. ஆயின் ஐயத்தை ஐயமாகவே நிறுத்தி, 'அங்கே ஓர் உரு உளது' என்று மறவாது நோக்கியிருத்தல் அறிவுக்கு முதற்படி என்பது எக்காலத்தும் உண்மை. அவ்வுருவின் பெயர் தெரியாவிடினும் அஃது அசைகின்றது, தன் வழிக்கே வருகின்றது என்பது தெரியும். விரைவைத் தணிக்க அதுவே போதும்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் தலைச்சுமையோடு நடப்பாரும், தள்ளுவண்டி தள்ளுவாரும், கோடில்லாவிடத்துக் கடப்பாரும் நாடோறும் உளர். இத்தகு பொறி எந்நாட்டுத் தெருவில் இறங்கினும், அத்தெருவின் மக்கள் கேட்க வேண்டிய முதல் வினா, அஃது எத்துணை விரைவாக ஓடும் என்பதன்று. அதன் பட்டியலை எழுதினார் யார்? அதில் நடந்து செல்வார்க்கு இடமுண்டா? ஐயுற்றபோது அது நிற்குமா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே வழிவிடுதல் வேண்டும். மக்களை மக்களெனச் சுட்டத் தெரியாத பொறிக்கு மக்கள் நடக்கும் தெருவில் இடமில்லை என்க.